கடவைக்காரி

கோச்சியைக் காண முன்னமே
எனக்குத் தண்டவாளத்தைத் தெரியும்.
எட்டு வயதில் அது எங்கள் பங்கருக்கு வளை.
மல்லாந்து படுத்தால் மூக்குக்கு நேரே
துருவேறிய வயிறு.
வயிற்றில் தேய்ந்த எழுத்துகள்.
ஆண்டு மட்டும் விரலுக்கு விளங்கும்:
ஆயிரத்துத் தொளாயிரத்து மூன்று.

‘இதுக்கு மேலால கோச்சி ஓடினதாம்’ என்றான் தம்பி.
‘இப்ப?’
‘இப்ப மண்மூட்டை.’

மாங்குளம் ஸ்டேசனில் அப்போது
கூரை இல்லை, மணி இல்லை.
கடைசி வண்டி போன நேரத்தை
யாரோ கரியால் எழுதி வைத்த சுவரில்
பாதி நின்றது.
ரிக்கற் கொடுத்த ஓட்டையால்
நிவாரணப் பருப்பு அளந்தார்கள் ஒரு மாரிக்கு.
வரிசை அதே வரிசை.
போகும் இடம்தான் இல்லை.

முகாமிலிருந்து திரும்பி வர
பங்கர் இருந்த இடத்தில் பள்ளம்.
பள்ளத்தில் தண்ணீர், தண்ணீரில் தவளை.
வளைகளைப் பழைய இரும்புக்கு
ஆரோ ஏற்றிப் போயிருந்தார்கள்.
பிறகு புதுத் தண்டவாளம் வந்தது,
கொங்கிறீற் சிலிப்பர், நீலச் சட்டை எஞ்சினியர்மார்,
மூன்று மொழியில் பெயர்ப்பலகை.

முதல் வண்டி வந்த அன்று ஊரே போய் நின்றது.
சத்தம் கிட்ட வர
நான் குனிந்துவிட்டேன்.
என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேர்.
பிறகு நிமிர்ந்து
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்
கைதட்டினோம்.

இப்போது நான் கடவைக்காரி.
பொலிசில் பெயர் பதிவு,
நாளுக்கு இருநூற்றைம்பது ரூபா,
ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சை,
தகரக் கொட்டில், கல்லுக் கட்டின மூங்கில்.
விசில் என் சொந்தக் காசு.
ரெலிபோன் தரவில்லை.
ஸ்டேசனில் ரிக்கற் கொடுக்கும் நிலக்சன்
தன் போனில் மிஸ்ட் கோல் அடிப்பான்.
ஒரு அடி: வண்டி புளியங்குளம் தாண்டிவிட்டது.
இரண்டு அடி: முறிகண்டி.
எடுத்தால் காசு போகும், எடுப்பதில்லை.
மூன்று வருடத்தில் நாங்கள் கதைத்தது
பெண்கள் மலசலகூடத் திறப்பு
யாரிடம் இருக்கிறது என்று மட்டும்.

மாசியில் ஒருநாள் அடி வரவில்லை.
நெல்லு மூட்டையோடு உழவு இயந்திரம் ஒன்று
கடவைக்கு வந்துவிட்டது.
எனக்கு என்னவோ போலிருந்தது.
குந்தியிருந்து தண்டவாளத்தில் உள்ளங்கை வைத்தேன்.
அதே நடுக்கம்.
தூரத்தில் விழுந்தது
இரும்புக்குள்ளால் எங்களிடம் வருமே, அது.
மூங்கிலை இறக்கினேன்.

‘எங்க கோச்சி? காட்டு பாப்பம்!’
பூதப்பிள்ளையின் மகன் இயந்திரத்தை நிறுத்தாமலே ஏசினான்.
ஒரு நிமிடம்.
இரண்டு.
பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரனும் சேர்ந்துகொண்டான்.
நான் சிவப்பைப் பிடித்தபடி
என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
அதுவும் பொய் சொல்லியிருந்தால் என்ன செய்வதென்று.

வண்டி வந்தது, போனது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்தநாள் கொட்டிலுக்குள்
ஒரு பை கச்சான் கிடந்தது, ஈரம் காயாமல்.
நிலக்சனுக்குக் காய்ச்சலாம்,
போனில் சார்ஜும் இல்லையாம்.

இவ்வளவும் சரி.
போன கிழமை இராத்திரி, தபால் வண்டியும் போன பிறகு
போன் அடித்தது.
ஒன்று. இரண்டு.
மூன்று.

மூன்றுக்கு நாங்கள் அர்த்தம் வைக்கவில்லை.
காலையில் கேட்டால்
நித்திரையில் கை பட்டிருக்கும் என்பான்.
தெரியும்.
எழும்பிப் போய்
மூங்கிலை இறக்கினேன்.
வீதியில் ஒருவரும் இல்லை.
நடுவில் படுத்திருந்த மாடு ஒன்று
எழும்பி, ஒதுங்கி நின்றது.